நீந்தத் தெரியும் என்று சொன்னவன்

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை ஆறு மணிக்குக் குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, நேற்று வாங்கிய நீச்சல் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சுக்குழாயைப் பல்லால் கவ்வியபடி முகத்தை உள்ளே வைத்தேன். பதினொரு விநாடி தாங்கினேன். பிறகு வாளி கவிழ்ந்தது. தரையைத் துடைத்தேன்.

எனக்கு வயது அறுபத்தொன்பது. முப்பத்தெட்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளராக இருந்து ஓய்வுபெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாளியில் முகத்தை வைத்துப் பழகும் நிலைக்கு ஏன் வந்தேன் என்பதை ஒழுங்காக எழுதிவைத்தால் மனம் தெளியும் என்று நினைக்கிறேன். தெளியாமலும் போகலாம்.

ஜனவரியில் சமூக மன்றத்தின் நீர்ப்பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். மூத்தவர்கள் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று கை கால்களை அசைக்கும் வகுப்பு அது. யாரும் நீந்த வேண்டியதில்லை. அங்கேதான் கமலவேணி அறிமுகமானார். அறுபத்து நான்கு வயது, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர், கணவரை இழந்தவர். முதல் நாளே வகுப்பு முடிந்ததும், "நீங்க நீந்துவீங்களா சார்?" என்று கேட்டார். "ஓ, தெரியுமே" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அவர் ஈரத் தலையைத் துவட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் காரணம் என்று எழுதினால் அது காரணம் ஆகாது.

மார்ச்சில் ஒரு கடிதம் எழுதி, நாம் திருமணம் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். (நான்கு வரைவுகள் எழுதி ஐந்தாவதைக் கொடுத்தேன்.) அவர் படித்துவிட்டுச் சொன்னார்: "என் வீட்டுக்காரர் சிகரெட்ட விட்டுட்டேன்னு பத்தொம்பது வருஷம் சொன்னாரு. விடலைன்னு எனக்கு நுரையீரல் டாக்டர்தான் சொன்னாரு. சோம்பேறியா இருந்தா தாங்கிக்குவேன். கோவக்காரரா இருந்தாலும் தாங்கிக்குவேன். பொய் மட்டும் இன்னொரு தடவ என்னால முடியாது சார். சேந்து ஒரு பயணம் போவோம். திரும்பறதுக்குள்ள பதில் சொல்றேன்."

பயணம் மலேசியாவின் தியோமான் தீவுக்கு. முதுகுப்பையோடு பேருந்திலும் படகிலும் போக வேண்டும். அங்கே கடலில் மிதந்தபடி பவளப்பாறைகளைப் பார்ப்பது அவருடைய நாற்பது வருட ஆசை.

ஏழு நாள் இருக்கிறது.

மே 1, வியாழன்

பதினேழு விநாடி. மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது.

கமலவேணியின் அக்கா அஞ்சுகம் அம்மாளும் உடன் வருகிறாராம். வயது எழுபத்தொன்று. தொலைபேசியில் என்னிடமே சொன்னார்: "கல்யாணம் ஆகாத ரெண்டு பேரத் தனியா விடறது எங்க குடும்பத்துல பழக்கமில்ல, மாப்பிள்ளை." பின்னணியில் "அக்கா, சும்மா இரு" என்று கமலவேணியின் குரல் கேட்டது. மாப்பிள்ளை என்று என்னை யாரும் அழைத்ததில்லை. பத்து நிமிடம் தொலைபேசியைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மே 4, ஞாயிறு

கமலவேணி என் பையைச் சரிபார்க்க வந்தார். பட்டியல் போட்டு அடுக்கியிருந்தேன், மொத்தம் பதினான்கு கிலோ. அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைத்தார். இரத்த அழுத்தக் கருவி, இஸ்திரிப் பெட்டி, இரண்டாவது குடை, கடவுச்சீட்டின் நகல் ஆறு.

"நாம தீவுக்குப் போறோமா, குடிமாறிப் போறோமா?"

"இஸ்திரிப் பெட்டி சிறியதுதான்."

"அந்தச் சட்டையப் பாத்து எந்த மீனும் ஒண்ணும் சொல்லாது."

ஏழு கிலோவாகக் குறைந்தது. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "படகுல எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயமாம். கேட்டுட்டேன். நீந்தத் தெரிஞ்சவங்களுக்கும்தான்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நல்ல விதிமுறை என்றேன்.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. வாளிக்குள் முகக்கண்ணாடி கிடந்ததை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நடைவழியைக் கடந்துதான் போனார், ஆனால் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

மே 6, செவ்வாய். மெர்சிங், விடுதி

எல்லையைக் கடந்தோம். நான் பேருந்தில் மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தைக் கடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதனால் ஒரு முட்டாள்தனம் நடந்தது.

சிங்கப்பூர்ப் பக்கக் குடிநுழைவுச் சோதனைக்காகப் பேருந்திலிருந்து இறங்க வேண்டும். இறங்குமுன் எச்சரிக்கையாகப் பேருந்தின் எண் தட்டைக் குறித்துக்கொண்டேன். சோதனை முடிந்து கீழ்த்தளத்துக்கு வந்து, அந்தத் தட்டுள்ள பேருந்துக்காக வரிசையில் நின்றேன். சகோதரிகள் இருவரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். மூன்று பேருந்துகள் வந்து போயின. நான் ஒவ்வொன்றின் தட்டையும் பார்த்துவிட்டு, பின்னால் இருப்பவர்களுக்கு வழிவிட்டேன்.

"மாப்பிள்ளை, யாருக்காகக் காத்திருக்கோம்?" என்றார் அஞ்சுகம் அம்மாள்.

"நாம் வந்த பேருந்துக்காக."

"அட கடவுளே. அது இந்நேரம் ஜொகூர் போயி டிரைவர் ஒரு தே தாரிக் குடிச்சு முடிச்சிருப்பான்! எந்த பஸ்ஸா இருந்தா என்ன, அதே ரூட் நம்பர் போட்ட பஸ்ல ஏற வேண்டியதுதானே?"

கமலவேணி சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் தன் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் காது சூடானது. ஆனால் அந்தச் சிரிப்பை மறுபடி கேட்பதற்காக இன்னும் ஓரிரு பேருந்துகளை விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஜொகூரின் லார்க்கின் நிலையத்திலிருந்து, தீவுக்குப் படகு புறப்படும் மெர்சிங்குக்குப் போன பேருந்தில் அவர் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். வெகுநேரம் கழித்து, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சார், நீங்க எங்க நீந்தக் கத்துக்கிட்டீங்க?"

"சின்ன வயதில்" என்றேன். பிறகு, செம்பனைத் தோட்டங்கள் எவ்வளவு ஒழுங்காக நடப்பட்டிருக்கின்றன என்று காட்டினேன். அவர் தோட்டத்தைப் பார்த்து, "ஆமா, வரிசையாத்தான் இருக்கு" என்றார். அதன் பிறகு மெர்சிங் வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தார். களைப்பாக இருந்திருக்கும்.

மே 7, புதன். தியோமான்

படகு பத்தரைக்குப் புறப்பட்டது. புறப்படுவதற்கு முப்பது நிமிடம் முன்பாகச் சகோதரிகள் இருவருக்கும் குமட்டல் மாத்திரை கொடுத்தேன். நானும் எடுத்துக்கொண்டேனா என்பதில் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் இரண்டாம் முறை எடுக்கக் கூடாது என்பது நான் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொன்ன அறிவுரை. எடுக்கவில்லை. முதல் முறையும் எடுத்திருக்கவில்லை என்பது இருபதாவது நிமிடத்தில் தெரிந்தது.

அஞ்சுகம் அம்மாள் மாத்திரையின் வேகத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார். கமலவேணிதான் என் முதுகைத் தடவிக்கொண்டு, பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. மற்றதையும் எழுத வேண்டுமென்றால், நன்றாகவும் இருந்தது.

தீவு அழகு. விடுதி என்பது கடற்கரையோரம் ஐந்து மரக் குடில்கள். சகோதரிகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. படகுத்துறையில் நின்று எட்டிப் பார்த்தாலே அடியில் மீன்கள் தெரிகின்றன. ஆழம் எவ்வளவு என்று படகோட்டி ரோஸ்லியிடம் மலாயில் கேட்டேன். இங்கே மூன்று மீட்டர், நாளை மறுநாள் அழைத்துப்போகும் இடத்தில் பத்து இருக்கும் என்றார். நன்றி சொன்னேன்.

மே 8, வியாழன்

கமலவேணி காலை ஏழு மணிக்குக் கடலில் இறங்கினார். நான் கரையில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். அவர் நீந்துவதை இதுவரை பார்த்ததில்லை. தெறிப்போ சத்தமோ இல்லாமல், தண்ணீரில் ஒரு கோடு கிழித்ததுபோல் போனார். படகுத்துறை முனைவரை போய்த் திரும்பி, இடுப்பளவு நீரில் நின்று கையை அசைத்தார்.

"வாங்க சார்! குளிரவே இல்ல!"

"காது லேசாக வலிக்கிறது" என்றேன்.

அவர் அசைத்த கையை இறக்கினார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

இப்போது பொய்கள் இரண்டு. நீந்தத் தெரியும், சின்ன வயதில் கற்றேன் என்பது ஒன்று. காது வலி இன்னொன்று. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது தேவைப்பட்டது. இரண்டாவதைக் காப்பாற்ற நாள் முழுவதும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கிறேன். அஞ்சுகம் அம்மாள் சொல்வது பாதி கேட்கவில்லை. அதனால் அவர் இன்னும் சத்தமாகப் பேசுகிறார்.

நாளை காலை ஒன்பது மணிக்குப் படகு. பத்து மீட்டர். என்ன செய்வது என்று தெரியவில்லை. லைஃப் ஜாக்கெட் மிதக்கவைக்கும் என்பது அறிவுக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் முகத்தில் பட்டதும் நான் கத்துவேன், கையில் கிடைப்பவரைப் பற்றிக்கொள்வேன். அவர் எல்லாவற்றையும் புரிந்துகொள்வார்.

மே 9, வெள்ளி, காலை

காற்று. அலை உயரம். இன்று படகு எதுவும் போகாது என்று ரோஸ்லி சொல்லிவிட்டார். தப்பித்தேன்.

மே 9, நண்பகல்

நாளையும் காற்று இருக்கக்கூடும் என்கிறார்கள். ஞாயிறு காலை ஊர் திரும்புகிறோம். அப்படியானால் நான் கடலில் இறங்கவே வேண்டியதில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. மகிழ்ச்சியோடு காதுப் பஞ்சை எடுத்து எறிந்தேன். வறுத்த சோறு, நாசி கோரெங், இரண்டு தட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

சாப்பிடும்போது அஞ்சுகம் அம்மாள் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கமலவேணி வரவில்லை. பசியில்லை என்றாராம்.

"என்ன மாப்பிள்ளை, படகு நின்னதுல இவ்வளவு சந்தோஷமா?"

"பாதுகாப்புதானே முக்கியம்."

"ம். என் தங்கச்சி காலையிலேருந்து படியில உக்காந்து கடலப் பாத்துக்கிட்டு இருக்கா. கடலுக்காக வருத்தப்படறான்னு நெனச்சேன். 'கடல் எங்க போகப்போகுதுக்கா'ன்னுட்டா." பொரித்த வாழைப்பழம் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "நான் ரொம்பப் படிக்காதவ. எனக்கென்ன தெரியும்" என்று எழுந்து போனார்.

மீதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மே 9, மாலை நான்கு மணி

எழுதிவிட்டேன்.

மருந்தகத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மருந்து தவறாகக் கொடுத்துவிட்டால், கொடுத்தவரே, யாரும் கேட்பதற்கு முன்பு, வேலைநேரம் முடிவதற்குள் தவற்றறிக்கை எழுதித் தர வேண்டும். எழுதித் தந்த தவற்றுக்குத் தண்டனை கிடையாது. எழுதாமல் விட்டது தெரியவந்தால் மன்னிப்பு கிடையாது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒன்பது எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எழுதி முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

வாயால் சொல்ல எனக்கு வராது. முயன்றால் நடுவில் செம்பனைத் தோட்டத்தைப் பற்றிப் பேசிவிடுவேன். எனவே அறிக்கையாகவே எழுதினேன். நகல் இது:

நடந்த தவறு: நீந்தத் தெரியும், சின்ன வயதில் கற்றேன் என்று கூறியது. தெரியாது. காது வலி என்று கூறியது. வலி இல்லை.
நடந்த நாள்: ஜனவரி 21, மே 6, மே 8.
தவறு செய்தவர்: சபாபதி.
காரணம்: தெரியாது என்றால் மதிக்கமாட்டீர்கள் என்று நினைத்தது. பயம்.
விளைந்த தீங்கு: பொய்யைத் தாங்க முடியாது என்று சொன்ன ஒருவரிடம் நான்கு மாதம் பொய் சொன்னது.
கண்டறிந்தவர், கண்டறிந்த நாள்: யாருமில்லை. தவறு செய்தவரே தெரிவிக்கிறார்.
மேல் நடவடிக்கை:

கடைசிப் பகுதியைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை மேலதிகாரிதான் நிரப்ப வேண்டும்.

இப்போது கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். கொடுத்தபின் அவர் வேண்டாம் என்றால், ஞாயிறுவரை மூன்று பேரும் ஒரே தீவில், பிறகு ஒரே படகில், ஒரே பேருந்தில். அதையும் யோசித்துவிட்டேன். கொடுக்கிறேன்.

மே 9, மாலை ஆறேகால்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் குடிலின் படியில் உட்கார்ந்திருந்தார். தாளைக் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். அவர் வாசிப்புக் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டார். அஞ்சுகம் அம்மாள் கண்ணாடியோடு வந்து, போகாமல் நின்றார். கமலவேணி முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து. காற்றில் தாள் படபடத்தது.

"பேனா குடுங்க" என்றார்.

கொடுத்தேன். அவர் ஏதோ ஒரு வரியை அடித்துவிட்டு, மேலே எழுதி, தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் 'யாருமில்லை' அடிக்கப்பட்டிருந்தது. அதன்மேல்: கமலவேணி. நாள்: ஜனவரி 21.

"முதல் நாளேயா?" என்றேன்.

"நீச்சல் குளத்துல இறங்கும்போது ஏணிக் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சு, கால் தரையத் தொட்டப்புறமும் விடாதவங்களுக்கு நீந்த வராது சார். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைங்களக் குளத்துல இறக்கியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அப்படியானால் ஏன் கேட்டீர்கள்?"

"வராதுன்னு சொல்லுவீங்க, கத்துக் குடுக்கறேன்னு சொல்லலாம்னுதான் கேட்டேன். நீங்க ஓ தெரியுமேன்னுட்டீங்க."

அஞ்சுகம் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, கடிதம் குடுக்கறப்ப சொல்லுவாருன்னு பாத்தேன். பை கட்டறப்ப சொல்லுவாரு, பஸ்ல சொல்லுவாருன்னு பாத்தேன். பஸ்ல வாயத் திறந்தே கேட்டுட்டேன். நீங்க மரத்தக் காட்டறீங்க." கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. "காலையில படகு இல்லன்னதும் உங்க முகத்தப் பாத்தேன். அவ்வளவுதான், இனிமே சொல்ல மாட்டாருன்னு நெனச்சேன். நாளைக்கு வேணாம்னு சொல்லிடலாம்னு முடிவு பண்ணியிருந்தேன்."

படியில் அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"இப்போது?" என்றேன்.

"இப்பத்தானே அறிக்கை வந்திருக்கு" என்று தாளை நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "மேல் நடவடிக்கைக்கு ஒரு நாள் டைம் குடுங்க."

"மாப்பிள்ளை" என்றார் அஞ்சுகம் அம்மாள், "காதுல பஞ்சு வச்சுக்கிட்டு நேத்து முழுக்க என்னைக் கத்த விட்டீங்களே, அதுக்கு எனக்கு ஒரு அறிக்கை கிடையாதா?"

நான் சிரித்தேன். அழுதேன் என்றும் அஞ்சுகம் அம்மாள் சொல்கிறார். காற்று பலமாக இருந்தது.

மே 10, சனி

காற்று குறைந்துவிட்டது. ஆனால் படகில் போகவில்லை. கமலவேணி ரோஸ்லியிடம் பேசி, அந்தக் கட்டணத்துக்கு அஞ்சுகம் அம்மாளைத் தீவைச் சுற்றிக்காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். "ரெண்டு பேரையும் தனியா விடக் கூடாதுன்னு வந்தவ நான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் படகில் ஏறிக் கையசைத்தார்.

படகுத்துறைக்குப் பக்கத்தில், கரையோரமாக, இடுப்பளவு தண்ணீர். லைஃப் ஜாக்கெட்டின் வார்களை அவரே இழுத்துக் கட்டினார். நான் சுற்றிலும் பார்த்தேன்.

"கம்பி இல்ல சார். என்னைப் புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டேன். அவர் கை ஈரமாக, உறுதியாக இருந்தது. "முகத்த மட்டும் வைங்க. கால தரையிலயே வச்சுக்குங்க. மூச்ச அடக்காதீங்க. சாதாரணமா விடுங்க, குழாய் பாத்துக்கும்."

முதல் முறை உடனே எழுந்துவிட்டேன். இரண்டாம் முறையும். மூன்றாம் முறையும். நான்காம் முறை என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பிறகு அதற்குள் இன்னொரு சத்தம், யாரோ முறுக்கைக் கடிப்பதுபோல. பச்சையும் நீலமுமாய் ஒரு கிளிமீன் பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அது தின்பது எனக்குக் கேட்டது! அதன் பின்னால் மஞ்சள் கோடுபோட்ட சிறு மீன்கள் ஒரு கூட்டம் வந்து, என் முழங்காலை ஆராய்ந்துவிட்டுப் போயின. என் கால்கள் தரையை விட்டிருந்தன. எப்போது விட்டன என்று தெரியாது.

எழுந்து குழாயைத் துப்பிவிட்டு, "அது கடிக்கிறது, சத்தம் கேட்கிறது!" என்று கத்தினேன். கரையில் இருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாப்பது வருஷமா இதத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் கமலவேணி. அவரும் முகக்கண்ணாடியை இறக்கினார். இருவரும் சேர்ந்து முகத்தை வைத்தோம். கையை விடவில்லை. விட வேண்டிய தேவையும் இல்லை.

கரைக்கு வந்ததும் கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். மேல் நடவடிக்கை: வாரம் இரண்டு முறை நீச்சல் பாடம், செவ்வாய், வெள்ளி. பதிவு அலுவலகத்துக்கு ஜூன் மாதம். கீழே கையெழுத்து.

ஜூனில் எந்தத் தேதி என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எந்தத் தேதியானாலும் சரி.

மே 11, ஞாயிறு. படகில்

இந்த முறை எல்லோருக்கும் முன்னால் என் மாத்திரையைத்தான் எடுத்துக்கொண்டேன்.

படகு கிளம்பியதும் கமலவேணி, "உங்க நோட்டுலேருந்து ஒரு வெள்ளத் தாள் கிழிச்சுத் தாங்க" என்றார். எதற்கு என்றேன். "சட்டம் எனக்கும் உண்டுல்ல? நானும் நாலு மாசமா சிலத மாத்திச் சொல்லியிருக்கேன்."

தாளும் பேனாவும் கொடுத்தேன். மடியில் பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த அஞ்சுகம் அம்மாள், "அறுபத்து நாலுன்னா சொல்லியிருந்தே? அடிப்பாவி!" என்றார். கமலவேணி தோளால் அவரை இடித்துத் தள்ளிவிட்டு, தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறார்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. தீவு சிறியதாகிக்கொண்டு வருகிறது. வெயில் இதமாக இருக்கிறது. வயிறும் அமைதியாக இருக்கிறது.

இப்போது இரண்டாவது தாள் கேட்கிறார்.